பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. வண்டி நிற்கத்தான் செய்கிறது, ஆனால் பெடலில் பழைய இறுக்கம் இல்லை. மெக்கானிக்கிடம் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், "ஏர் புகுந்திருக்கும், ஏர் எடுத்துட்டா சரியாயிடும்" என்பதுதான். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் பிரேக் ஆயில் ஓடும் மூடிய குழாய்க்குள் காற்று தானாக உண்டாகிவிடாது. ஏதோ ஒரு வழியாக உள்ளே வந்திருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்துவிட்டால், சில வாரத்தில் பெடல் மறுபடி இறங்கும். இன்னொன்று, காற்றே இல்லாமலும் பெடல் இறங்கும். அதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் பழுது பார்ப்பதைவிடப் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலும் இந்த அமைப்புதான்: முன்சக்கரத்தில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு, அதை இரு பக்கமும் பேட்கள் இறுக்கும்), பின்சக்கரத்தில் டிரம் (சுழலும் கிண்ணம், அதற்குள் ஷூக்கள் விரிந்து உரசும்). நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் டிரம் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம், மற்றதெல்லாம் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பெடல் திடீரென்று பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது, சக்கரத்தின் பக்கம் ஆயில் வடிந்திருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் அடிவரை போய்விட்டால், விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், பல நேரம் இரண்டாவது மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடிப்பு வரும். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை அதன் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும்.

கால் போகும் தூரம் எங்கே செலவாகிறது

பெடலை மிதிக்கும்போது அதன் தண்டு, வெற்றிடத்தின் உதவியால் காலின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வழியாக மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. பிஸ்டன் தள்ளும் பிரேக் ஆயில் இரும்புக் குழாய்கள் வழியாகவும், சக்கரத்துக்கு அருகில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் போய், முன்னால் பேடை இறுக்கும் காலிப்பரையும் பின்னால் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரையும் அழுத்துகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போகும் என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதி இதுதான். திரவம் சுருங்காது என்பதால் கால் கொடுத்த அழுத்தம் அப்படியே பேடுக்கும் ஷூவுக்கும் போய்ச் சேர்கிறது.

இப்போது பெடல் ஆழமாகப் போகிறது என்றால், உங்கள் கால் தள்ளிய ஆயிலில் ஒரு பங்கு வேறு எங்கோ செலவாகிறது என்று பொருள். அது நான்கு வழியில்தான் போக முடியும். குழாயில் காற்று இருந்தால் அதைச் சுருக்குவதில் போகும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போயிருந்தால் அதை நிரப்புவதில் போகும். பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் அதை உப்ப வைப்பதில் போகும். கடைசியாக, ஆயில் கசிந்து வெளியே போகலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே தேய்ந்த ரப்பர் வாஷரைத் தாண்டிப் பின்னால் வந்துவிடலாம். இந்த நான்கில் எது என்பதைப் பெடலே சொல்லிவிடும். அதை எப்படிக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

பூஸ்டரை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பூஸ்டர் கெட்டால் பெடல் மெத்தென்று ஆகாது, கல்லாக இறுகும். பெடல் இறங்குகிறது என்று போனவரிடம் பூஸ்டரை மாற்றச் சொன்னால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

நின்ற வண்டியில் செய்யும் சோதனைகள்

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்துவிட்டு இவற்றைச் செய்யுங்கள். ஸ்பேனர் எதுவும் தேவையில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்து விடுங்கள். பூஸ்டரில் தேங்கியிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். இனி நீங்கள் உணர்வது பூஸ்டரின் உதவி இல்லாத, ஆயிலின் உண்மையான நிலை. புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்வார்கள்: இன்ஜின் ஓடும்போது நின்ற வண்டியில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தால், எந்த நல்ல வண்டியிலும் பெடல் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அது பழுதல்ல. சந்தேகம் இருந்தால் அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரின் காரில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

இப்போது முதல் மிதியையும் அடுத்தடுத்த மிதிகளையும் ஒப்பிடுங்கள். சில வினாடி பெடலை விட்டுவிட்டு ஒருமுறை மிதியுங்கள், பிறகு உடனே வேகமாக இரண்டு மூன்று முறை. முதல் மிதி ஆழமாகப் போய், அடுத்த மிதியிலேயே பெடல் மேலே வந்து கெட்டியாக நின்றால், காற்று அல்ல, இடைவெளிதான் காரணம். பெரும்பாலும் பின்பக்க ஷூக்கள் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கும். அப்படியில்லாமல், பம்ப் செய்யச் செய்யப் பெடல் உயர்கிறது, ஆனால் எவ்வளவு உயர்ந்தாலும் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது.

இடைவெளிதான் என்று உறுதி செய்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு, பலருக்குத் தெரியாதது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் ஷூக்களை ஏற்கெனவே விரித்து டிரம்மோடு ஒட்ட வைத்திருக்கும். இப்போது பெடல் தெளிவாக மேலேயே நின்றால் பழுது பின் டிரம்மில்தான். எந்த மாற்றமும் இல்லை என்றால் டிரம்மை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

மூன்றாவது, பிடித்து வைக்கும் சோதனை. பெடலை நன்றாக மிதித்து அப்படியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். கால் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது. இதையே இரண்டாவது முறை, சிக்னலில் நிற்கும்போது வைத்திருப்பதுபோல மென்மையான அழுத்தத்திலும் செய்யுங்கள். இந்த இரண்டாவது முறை முக்கியமானது. மாஸ்டர் சிலிண்டரின் தேய்ந்த வாஷர், அழுத்தம் அதிகமாகும்போது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மெல்ல அழுத்தும்போதுதான் ஆயிலை நழுவ விடும். ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு "பெடல் நல்லா இருக்கே" என்று திருப்பி அனுப்பப்பட்ட வண்டிகள் சிக்னலில் நிற்கும்போது மெல்ல முன்னால் ஊர்வதற்கு இதுதான் காரணம்.

நான்காவதற்கு ஒரு துணை ஆள் வேண்டும். அவரைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பி வைத்து, உள்ளே காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் சுற்றிப் பிடியுங்கள். நல்ல ஹோஸ் கைக்குள் அசையாது. முதிர்ந்த ஹோஸ் ஒவ்வொரு மிதிக்கும் உப்பி அடங்குவது கைக்குத் தெரியும். மேற்புறத்தில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் அது தனியாகவே மாற்ற வேண்டிய ஹோஸ். இன்ஜின் அணைந்திருக்கட்டும், விரல்கள் சக்கரத்தின் இடுக்கில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் மட்டும் இறங்கும் பெடல்

ஊருக்குள் ஓட்டும்போது நன்றாக இருக்கும் பெடல், மலை இறங்கும்போது மட்டும் உள்ளே போகிறது என்றால் அது தனிக் கதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால், டிஸ்க்கின் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்குள் இருக்கும் ஆயில்வரை போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை கொண்டது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை; டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இந்த எண்கள் வெறும் பாட்டில் விவரமல்ல. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகும், குமிழி சுருங்கும், பெடல் அடிவரை போகும். வண்டி ஆறியதும் குமிழி மறைந்து பெடல் பழையபடி இறுகிவிடும். அதனால் பலர் "அப்புறம் சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியாகவில்லை. அடுத்த மலைக்கு முன்னால் ஆயிலை முழுதாக மாற்றியாக வேண்டும்.

மலையில் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு கோளாறும் உண்டு. பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் ஆயில் கொதிக்கவில்லை, பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. இரண்டிலும் உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒதுங்கி நிறுத்தி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுடும் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

ஈரம் என்றதும் இன்னொன்று. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளம்போல, பானட் அளவுக்குத் தண்ணீரில் நின்ற கார் என்றால் பிரேக் ஆயிலைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளத்தில் நிற்காத வண்டிக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம், கடலோர ஊர்களில் கட்டாயம்.

கசிவைத் தேடுதல்

பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம், பூஸ்டரின் கறுப்பு உருண்டைக்கு முன்னால், ஆயில் டப்பா இருக்கும். அளவு கோட்டுக்குள் இருக்கிறதா பாருங்கள். அளவு மெல்ல இறங்குவது எப்போதும் கசிவு ஆகாது. பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும். அதனால் அளவு குறைந்ததும் முதலில் பேட் கனத்தைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் ஊற்றி நிரப்பி வைத்தால், பிறகு புது பேட் போடும்போது டப்பா நிரம்பி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும்.

பேட் நன்றாக இருந்தும் அளவு இறங்குகிறது என்றால் கசிவுதான். ஒரு டார்ச்சோடு வரிசையாகப் பாருங்கள். நான்கு டயர்களின் உட்பக்கச் சுவரில் ஈரம் வழிந்திருக்கிறதா? பின் டிரம்மின் கீழ்விளிம்பில் ஆயிலும் தூசியும் சேர்ந்து குழம்பாகப் படிந்திருக்கிறதா? இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. இரும்புக் குழாய் வளையும் இடங்களிலும், பின் அச்சுக்கு அருகிலும் துரு ஏறியிருக்கிறதா? ஹோஸின் இரு முனைகளிலும், அங்கே இருக்கும் செம்பு வாஷர்களிலும் ஈரம் உண்டா? கடைசியாக மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்துக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். அங்கே பெயின்ட் உரிந்திருந்தால் நீண்டகாலக் கசிவு. வெளியே எங்குமே ஈரம் இல்லாமல் அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டரின் பின் வாஷர் வழியாகப் பூஸ்டருக்குள் ஆயில் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம்.

எங்கும் கசிவு இல்லை, அளவும் சரி, ஆனால் பிடித்து வைக்கும் சோதனையில் பெடல் இறங்குகிறது என்றால் பழுது மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அரிதாக அந்த யூனிட்டின் வால்வாகவும் இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியில் பாருங்கள்.

சமீபத்தில் யாராவது பிரேக் வேலை செய்திருந்தால் அதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். புது பேட் போட்ட அன்று பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகச் சில நாள் ஆகும். காலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தால் ஏர் நிப்பிள் (காற்றை வெளியே விடத் திறக்கும் சிறு திருகு) எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அது காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடது காலிப்பரும் வலது காலிப்பரும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன. காற்று மேலேதான் தங்கும் என்பதால், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் அது வெளியே வராது.

பின் டிரம் இடைவெளியைக் குறைத்தல்

ஹேண்ட் பிரேக் சோதனை டிரம்மைக் காட்டியிருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள், முதல் கியரில் போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ போகக் கூடாது, செங்கல் அடுக்கியும் நிறுத்தக் கூடாது.

டிரம் பல வண்டிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் முகத்தில் திரெட் போட்ட இரண்டு துளைகள் இருந்தால், அதற்குப் பொருந்தும் போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள், டிரம் தானாக வெளியே வரும். சில மாடல்களில் பேரிங் டிரம்மோடு சேர்ந்தே இருக்கும், நடு நட்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மிக முக்கியம் என்பதால், முதல்முறை செய்பவர்கள் அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஷூவின் பழைய லைனிங்கில் (டிரம்மில் உரசும் பட்டையில்) கல்நார் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள், அல்லது பிரேக் கிளீனர் அடியுங்கள்.

வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் தொப்பியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஆயில் பட்ட ஷூவைக் கழுவிப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதை ஏற்காதீர்கள். லைனிங் ஆயிலைக் குடித்துவிடும், சூடானதும் திரும்பக் கக்கும். இரு பக்கத்துக்கும் சேர்த்தே புது ஷூ போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஷூக்கள் நடுவே இருக்கும் அட்ஜஸ்டர் தானாக இடைவெளியைக் குறைக்க வேண்டியது. துருவாலும் தூசியாலும் அது இறுகிப்போவதுதான் பெடல் இறங்க மிகச் சாதாரணமான காரணம். சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் மிகக் கொஞ்சமாகத் தடவி, கையால் அசைகிறதா பாருங்கள். லைனிங்கில் கிரீஸ் படக் கூடாது. டிரம்மை மாட்டிச் சுழற்றும்போது ஷூ லேசாக உரசும் ஒலி வந்தும் வராமலும் இருக்கும் அளவுக்கு அட்ஜஸ்டரை விரியுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன்கள் தெறித்து வந்துவிடும். இரண்டு பக்கமும் முடித்தபின் பெடலை நன்றாகப் பம்ப் செய்துவிட்டு, ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது என்று பாருங்கள். ஷூவைச் சரிசெய்யாமல் ஹேண்ட் பிரேக் கேபிளை மட்டும் இறுக்குவது தலைகீழான வேலை. முதலில் ஷூ, பிறகு தேவைப்பட்டால் கேபிள்.

ஏர் எடுப்பது

கசிவு இருந்த இடத்தைச் சரிசெய்த பிறகே இதற்கு வாருங்கள். தேவையானவை: வண்டியின் மூடியில் குறிப்பிட்டுள்ள வகை பிரேக் ஆயில், சீல் உடைக்காதது, நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.; நிப்பிள் மேல் இறுக்கமாக மாட்டும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப்; பழைய தண்ணீர் பாட்டில்; ஒரு துணை ஆள். ஏர் எடுத்து ஆயிலையும் முழுதாக மாற்ற ஒரு லிட்டர் போதும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எண் கூடியது என்று வாங்கிவிடாதீர்கள். இன்ஜின் ஆயில், ஸ்டியரிங் ஆயில் ஒரு சொட்டுக்கூட டப்பாவுக்குள் போகக் கூடாது. உள்ளிருக்கும் அத்தனை ரப்பரும் உப்பிக் கெட்டுப்போகும், பிறகு முழு அமைப்பையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

வழக்கமான வரிசை, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் வருவது. நம் வண்டிகளில் மாஸ்டர் வலப்பக்கம் என்பதால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். சில கம்பெனிகள் வேறு வரிசை சொல்வதுண்டு, கையேடு சொன்னால் அதைக் கேளுங்கள்.

டப்பாவில் இருக்கும் கறுத்த பழைய ஆயிலை ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள். பெடலுக்குக் கீழே தரையில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பழைய வண்டியில் அவசியம். தினமும் ஓட்டும்போது பிஸ்டன் போகாத அடிப்பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது முதல்முறையாக அங்கே போய் வாஷர் கிழிந்து, நல்ல மாஸ்டர் சிலிண்டர் அன்றே கெட்டுப்போவது உண்டு.

நிப்பிள் தூசி மூடியை எடுத்து, சுத்தம் செய்து, முதலில் ரிங் ஸ்பேனரைப் போடுங்கள், அதன்மேல் டியூப். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வைத்த புது ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். நிப்பிள் அசையவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருங்கள், பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். பலம் போட்டால் உடையும், உடைந்தால் செலவு காலிப்பர் வரை போகும்.

உள்ளே இருப்பவரிடம் மூன்றே சொற்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "மிதி", "பிடி", "விடு". ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

1. "மிதி" என்றதும் அவர் மூன்று முறை மெதுவாக மிதிப்பார்; "பிடி" என்றதும் கடைசி மிதியில் காலை எடுக்காமல் "பிடிச்சிருக்கேன்" என்பார்.
2. நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறப்பீர்கள். ஆயிலும் குமிழியும் டியூபில் ஓடும், பெடல் கட்டைவரை இறங்கும். அவர் காலை எடுக்கவே கூடாது.
3. ஓட்டம் நிற்பதற்குள் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகே "விடு". திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே இழுக்கப்படும், அதுவரை செய்த வேலை வீண்.
4. குமிழி வருவது நின்று, ஆயில் வெளிர் மஞ்சளாகத் தெளிந்து வரும்வரை இதையே தொடருங்கள்.

ஐந்தாறு முறைக்கு ஒருமுறை எழுந்துபோய் டப்பாவைப் பாருங்கள். பாதிக்குக் கீழே விடாதீர்கள். டப்பா காலியாகி மாஸ்டர் சிலிண்டரே காற்றைக் குடித்துவிட்டால் நான்கு சக்கரத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். வேகமாக மிதிக்க வேண்டாம், பெரிய குமிழி உடைந்து நுரையாகிவிடும், நுரை வெளியே வர நேரம் பிடிக்கும்.

துணைக்கு ஆள் இல்லை என்றால் டப்பா மூடியைத் தளர்த்தி, ஒரு நிப்பிளை மட்டும் திறந்துவிட்டு ஆயிலைத் தானாகச் சொட்ட விடலாம். பொறுமை வேண்டும், டப்பாவை விட்டு நகரவும் கூடாது, ஆனால் நன்றாகவே வேலை செய்யும் முறை. எனக்கு அவசரமில்லாத நாளில் இதுதான் பிடிக்கும்.

பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கையில் பட்டாலும் அப்படியே. பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலை, குமிழி அடங்கித் தெளிவாகத் தெரிந்தாலும், டப்பாவில் திரும்ப ஊற்றாதீர்கள். சாக்கடையிலும் கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் தனி பாட்டிலாகக் கொடுத்துவிடுங்கள்.

ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், ஏ.பி.எஸ்.

உப்பும் ஹோஸ் கிடைத்தால் அந்த அச்சில் இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள், ஒரே வயதுள்ள ரப்பர்தானே. செம்பு வாஷர் உள்ள இடத்தில் பழையதைத் திருப்பிப் போடாமல் புதிது போடுங்கள். மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளவோ டயரில் உரசவோ இல்லை என்று பாருங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது பழைய வழக்கம், செலவும் குறைவு. ஆனால் சிலிண்டரின் உட்சுவரில் கீறலோ துரு அரித்த குழியோ இருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும். பிரித்துப் பார்த்து மதிப்பிடத் தெரியாதவர்கள் முழு சிலிண்டரையே மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. புது சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெல்லத் தள்ளித் தள்ளி உள்ளிருக்கும் காற்றை எடுத்தாக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே மாட்டினால் சக்கரங்களில் எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் முழுதாக ஏறாது. மாஸ்டர் மாற்றிய பிறகும் பெடல் சரியில்லை என்று வரும் வண்டிகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. புதியவர்கள் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். சாதாரணமாக ஆயில் மாற்றவும் சக்கரத்தில் ஏர் எடுக்கவும் மேலே சொன்ன முறையே போதும். ஆனால் டப்பா வறண்டு காற்று ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் போய்விட்டால், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரை மாட்டி அதன் பம்பையும் வால்வுகளையும் இயக்கித்தான் பல வண்டிகளில் வெளியேற்ற முடியும். நன்றாக ஏர் எடுத்தும் பெடல் மெத்தென்றே இருக்கிற ஏ.பி.எஸ். வண்டியை, ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ரோட்டில் எடுக்கும் முன்

நான்கு நிப்பிளும் மூடியிருக்கின்றனவா, தூசி மூடிகள் போட்டாயிற்றா, டப்பா மூடி இறுக்கமா, சக்கர நட்டுகள் இறுக்கமா, பெடலுக்குக் கீழே வைத்த கட்டையை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். கட்டையை மறந்தால் பிரேக்கின் கடைசிப் பலம் கிடைக்காது.

இன்ஜின் அணைந்த நிலையில் பெடலைப் பம்ப் செய்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக ஒரு தடவை அமுங்கி நிற்க வேண்டும், அது பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம். பிறகு பலமாக ஒரு நிமிடம் மிதித்து வைத்திருங்கள், துணை ஆள் டார்ச்சோடு நான்கு சக்கரத்தையும் மாஸ்டரையும் சுற்றிப் பார்க்கட்டும். எங்கும் ஈரம் இல்லை, பெடலும் இறங்கவில்லை என்றால் காலியிடத்தில் நடை வேகத்தில் சில முறை நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கையும் தனியாக இழுத்துப் பாருங்கள். அப்புறம் 30 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வண்டி வராத சாலையில். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் அதிகமாகப் பிடிக்கிறது, அல்லது எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை. திரும்ப வந்து பாருங்கள்.

புது பேட், ஷூ போட்டிருந்தால் முதல் சில நாள் ஓங்கி மிதிக்காமல், தூரத்திலிருந்தே நிதானமாக நிறுத்துங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் ஆயில் அளவையும், டயர்களின் உட்பக்கத்தையும், கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அளவு நேற்று வைத்த இடத்திலேயே நிற்கிறது, முதல் மிதியிலேயே பெடல் மேலே பிடிக்கிறது என்றால் காற்று வந்த வழி அடைபட்டுவிட்டது.